கொள்வனவும் பெயரும்: அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் அனுபவம்

கைத்தொழில், வணிக நிறுவனங்களின் உறுப்புக்களுள் ஆய்வாளரின் கவனத்தை மிகக் குறைவாகப் பெற்றது கொள்வனவுப் பிரிவாகும். விலைமனுக் கோரி, குறைந்த விலையைத் தெரிந்து, கட்டளை அனுப்பும் எழுதுவினைஞர் பணியாகவே அது பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை நமது நாட்டின் அனுபவம் ஒன்றின் துணைகொண்டு நோக்குவோம்.

1885ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்திலே மார்க்ஸ் மூலதனத்தின் சுற்றோட்டத்தை விளக்கத் தொடங்குவது, பணம் பண்டமாக மாறும் கட்டத்திலிருந்தாகும். அப்பணம் ஒருபுறம் உற்பத்திச் சாதனங்களாகவும் மறுபுறம் உழைப்புச் சக்தியாகவும் மாறுகின்றது. இன்றைய நிறுவனத்தில் முன்னையதை வாங்குவது கொள்வனவுப் பிரிவு. பின்னையதை வாங்குவது ஆளணிப் பிரிவு. ஒரே செயல் இரு அலுவலகங்களாகப் பிரிந்து நிற்பதனால், கொள்வனவு என்பது பொருள் பற்றிய வெறும் தொழில்நுட்ப விடயமாகத் தோற்றமளிக்கின்றது.

உண்மையில் ஏனைய பிரிவுகளின் முரண்பட்ட கோரிக்கைகள் யாவும் வந்து சந்திக்கும் இடம் அதுவேயாகும். வேலை தடைப்படாதிருக்கக் களஞ்சியம் நிறைந்திருக்க வேண்டும் என்பது உற்பத்திப் பிரிவின் நிலைப்பாடு. நிறைந்த களஞ்சியம் முடங்கிய பணம் என்பது நிதிப் பிரிவின் நிலைப்பாடு. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவோ மலிவான பண்டத்தை ஐயத்துடன் நோக்குகின்றது. எனினும் இவை அனைத்துக்கும் முந்திய வினா ஒன்றுண்டு. வாங்க வேண்டிய பொருள் எது என்பதை யார், எந்தப் பெயரால் குறிக்கின்றனர்? விற்பவன் இட்ட பெயராலேயே பொருள் கோரப்படுமாயின் அதனை விற்கக்கூடியவன் அவன் ஒருவனே. அந்நிலையில் பேரம் தொடங்குமுன்பே முடிந்துவிடுகின்றது.

மருந்துத் துறையில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். ஒரே இரசாயனப் பொருள் பல கம்பனிகளால் பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகின்றது. மருத்துவர் எழுதும் பெயரையே நோயாளி வாங்குகின்றார். அப்பெயரையே வணிகர் இறக்குமதி செய்கின்றார். எனவே தேவையை நிருணயிப்பது நோயன்று, விற்பனைப் பிரதிநிதியின் கைப்பையே எனலாம். அந்நியச் செலாவணி நெருக்கடி மிகுந்திருந்த 1971ஆம் ஆண்டில், பேராதனைப் பல்கலைக்கழக மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் இடதுசாரித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கை இந்நிலையை மாற்ற முனைந்தது. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது; பிபிலே அதன் முதல் தலைவரானார்.

கூட்டுத்தாபனம் செய்த முதற் காரியம் விலை பேசுவதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. மருந்தியல் அறிவுடையோரைக் கொண்ட குழுவொன்று நாட்டிற்கு உண்மையிலே வேண்டிய மருந்துகள் எவை என ஆராய்ந்தது. தனியார் துறையில் விற்பனையான ஏறத்தாழ 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. அவை வணிகப் பெயராலன்றிப் பொதுப் பெயராலேயே குறிக்கப்பட்டன. அதன் பின்னரே உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. பெயர் பொதுவானதும் விற்போர் பலராயினர். நாட்டின் தேவை முழுவதும் ஒரே கையால் வாங்கப்பட்டமையால் வாங்குவோனின் பேரவலிமையும் பெருகிற்று. பல மருந்துகளின் விலை வீழ்ந்தமைக்கு இவ்விரண்டுமே காரணங்கள்.

இம்முறையை எதிர்த்த மருத்துவர்களும் இருந்தனர். தாம் விரும்பும் மருந்தை எழுதும் உரிமை பறிபோகின்றது எனவும் மலிவான மருந்தின் தரம் ஐயத்துக்குரியது எனவும் அவர்கள் வாதிட்டனர். இரண்டாவது வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. மலிவு தன்னளவில் தகுதியன்று. தரப் பரிசோதனையின்றிக் குறைந்த விலையை மட்டும் நோக்கும் கேள்விப்பத்திரம் நோயாளிக்கே தீங்காக முடியும். ஆயின் தரத்துக்குச் சான்று ஆய்வுகூடமேயன்றி வணிகப் பெயரன்று என்பதே பிபிலே வகுத்த கொள்கையின் சாரமாகும்.

கொள்வனவை மட்டும் கைக்கொள்வதன் எல்லையை 1974ஆம் ஆண்டு கொலரா பரவியபோது நாடு உணர்ந்தது. கூட்டுத்தாபனம் குறைந்த விலைக்கு வாங்கிய டெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் கப்சியூல்களாக்க, உள்ளூரில் தொழிற்சாலை வைத்திருந்த பைசர் நிறுவனம் இணங்கவில்லை. கப்சியூல்கள் கூடிய விலையில் வான்வழியாகத் தருவிக்கப்பட்டன. வாங்கும் அதிகாரம் அரசிடமும் உற்பத்திச் சாதனம் பல்தேசிய நிறுவனத்திடமும் இருந்தமையின் விளைவு இது. உற்பத்தியோடு பிணைக்கப்படாத கொள்வனவு அரைவழியிலேயே நின்றுவிடும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1977ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. அவ்வாண்டு செப்ரெம்பரில், ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்காகக் கயானா சென்றிருந்த பிபிலே அங்கு காலமானார். கூட்டுத்தாபனம் கலைக்கப்படவில்லை, ஆனால் இறக்குமதியில் அதற்கிருந்த தனியுரிமை நீங்கியது. வணிகப் பெயர்கள் மீண்டும் பெருகின. கூட்டுத்தாபனம் பல கொள்வனவாளருள் ஒன்றாயிற்று. அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. நாம் கைவிடத் தொடங்கிய கொள்கையின் அடிப்படையை உலகம் ஏற்கத் தொடங்கிய ஆண்டும் அதுவே.

2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இன்றியமையாத மருந்துகள் தட்டுப்பட்டன. கையிலிருக்கும் சிறு தொகையைக் கொண்டு முதலில் எதனை வாங்குவது என்ற வினா அப்போது மீண்டும் எழுந்தது. அது 1971இல் கேட்கப்பட்ட அதே வினாவாகும். கொள்வனவுப் பிரிவு எத்துணைத் திறமையுடையதாயினும் அவ்வினாவுக்குத் தனித்து விடையளிக்க இயலாது. தேவையை மக்களின் நோயிலிருந்து வகுப்பதா, விற்பவனின் பட்டியலிலிருந்து வகுப்பதா என்பது முதலிலே தீர்மானிக்கப்பட வேண்டும். அத்தீர்மானம் அரசியல் சார்ந்தது. விலைமனு அதற்குப் பின்னரே வருகின்றது.