சொத்தைப் பல்லும் இரு வைத்தியர் கருத்தும்

கொடுங்கையூரில் வசிக்கும் நம் அங்கத்தினர் ஒருவர் பல் வைத்தியரிடம் செல்வதாக வைத்துக்கொள்வோம். "மூன்று பற்களை அடைக்க வேண்டும்" என்கிறார் அவர். மறுவாரம் வேறொருவர், "ஒன்றை அடைத்தால் போதும்" என்கிறார். இருவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வாறு முடிவு கட்டுமுன் சற்று ஆராய்தல் நலம்.

இனிப்பை உண்டபின் வாயிலுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அது பல்லின் மேலுறையாகிய எனாமலின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. முதலில் தோன்றுவது வெண்புள்ளியே. உமிழ்நீரும் ஃபுளோரைடு கலந்த பற்பசையும் இழந்த சத்தை மீட்டுத் தரக்கூடும். அந்நிலையில் பல்லைத் துளைக்க வேண்டுவதில்லை. குழி விழுந்து, துலக்கினும் சுத்தமாகாத நிலை வந்தால் பெரும்பாலும் அடைக்க நேரிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பல்லிலேதான் கருத்து வேற்றுமை பிறக்கிறது. ஒருவர் கண்ணுக்குச் சொத்தையாகப் படுவது மற்றொருவருக்கு வெறும் கறையாகப் படலாம். எக்ஸ்ரே படத்தின் மங்கிய நிழலும் அத்தகையதே.

பிரிட்டனில் 1983ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் 15 பல் வைத்தியர்கள் அதே 18 பேரைத் தனித்தனியே பரிசோதித்தனர். அடைக்க வேண்டிய பல் பரப்புகள் 20 என்றார் ஒருவர். 153 என்றார் மற்றொருவர்!

ஒற்றுமையை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 100 பற்களில் இரு வைத்தியர்களும் ஆளுக்குப் பத்தைச் சொத்தை என்கின்றனர். அவற்றுள் ஐந்து மட்டுமே இருவருக்கும் பொது. சொத்தையென்று 5, நல்லதென்று 85, ஆக 90 பற்களில் இருவரும் ஒத்துப்போகின்றனர். இது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் பல்லைப் பாராமலே ஆளுக்குப் பத்தைக் குறித்திருந்தாலும் ஏறக்குறைய 82 பற்களில் தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கும். நூறு சேலைகளில் பெரும்பாலானவை குற்றமற்றவையாயிருந்தால், தரம் பார்க்கும் இருவர் கருத்தும் பெரும்பாலும் ஒன்றாகவே தோன்றும். பழுதுள்ள சேலையில்தான் திறமை வெளிப்படும். இத்தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் 'காப்பா' என்னும் அளவை, அமெரிக்க உளநூல் அறிஞர் ஜேகப் கோஹென் 1960இல் வகுத்தார். முழு ஒற்றுமைக்கு 1. மேற்சொன்ன இருவருக்குக் கிடைப்பது 0.44 மட்டுமே.

இக்குறையை நீக்கப் பயிற்சியும் பொது அளவுகோலும் துணை செய்கின்றன. 2002இல் உருவாகத் தொடங்கிய சர்வதேச முறையொன்று, சொத்தையை 0 முதல் 6 வரை படிப்படியாகக் குறிக்கிறது. ஊர்தோறும் பல் நோயைக் கணக்கெடுப்போரை முன்கூட்டியே ஒரே நோயாளிகளைப் பார்க்கச் செய்து, அவர்கள் கணிப்பை ஒப்பிட்டுத் திருத்துவதும் வழக்கம்.

அங்கத்தினர்களுக்கு இதனால் என்ன பயன்? துளைத்த பல் மீண்டும் வளராது. அடைப்பும் காலப்போக்கில் தேய்ந்து மறு அடைப்புக்கு இடந்தரும். ஒரு நாள் கூலியும் கைப்பணமும் வேறு போகும். ஆகவே வலியற்ற பல்லை அடைக்கச் சொன்னால், "குழி விழுந்துவிட்டதா? சில மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று பணிவுடன் கேட்பது தவறன்று. இரண்டாவது கருத்து வேண்டுவோர்க்கு, 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் வீக்கமோ, காய்ச்சலோ, தூங்கவிடாத வலியோ கண்டால் பொறுத்தல் கூடாது. உடனே வைத்தியரை நாடுக.

கருத்து வேறுபடுவதனாலேயே வைத்தியரை வெறுக்க வேண்டாம். காரணம் கேட்டறிந்து இசைவதே விவேகமாகும்.