பாடல்களுக்குப் பாராட்டு, ஒலிக்குக் கண்டனம்: மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' சர்ச்சை - ஒரு விளக்கம்

புகழ்பெற்ற இசைக்குழு ஒன்று புதிய ஆல்பத்தை வெளியிடும்போது விமர்சகர்கள் குறை கூறுவதும், ரசிகர்கள் திரண்டு வந்து குழுவுக்கு ஆதரவாகப் பேசுவதும் வழக்கம். 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் மெட்டாலிகா இசைக்குழுவுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அக்குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தை விமர்சகர்களில் பெரும்பாலானோர் வரவேற்றனர். விற்பனையும் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால், குழுவை நீண்ட காலமாகப் பின்தொடர்ந்த ரசிகர்களில் ஆயிரக்கணக்கானோர், ஆல்பத்தை மீண்டும் ஒலிக்கலவை செய்து வெளியிட வேண்டும் என்று மனுவில் கையொப்பமிட்டனர்.

பாடல்கள் பிடிக்கவில்லை என்று அவர்கள் கூறவில்லை. பாடல்கள் பிடித்திருந்தன, அவற்றைக் கேட்கத்தான் முடியவில்லை என்பதே அவர்களது புகார். இந்த முரண்பாடு எவ்வாறு எழுந்தது, அதன் பின்னணியில் இருந்த தொழில்நுட்பக் காரணம் என்ன என்பதை இங்கே காணலாம்.

இந்த ஆல்பத்துக்கு ஏன் இத்தனை எதிர்பார்ப்பு?

டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச், பாடகரும் கிடார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஆகியோர் 1981-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய குழு மெட்டாலிகா. 1986-இல் வெளியான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஹெவி மெட்டல் இசையின் முக்கியப் படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1991-இல் குழுவின் பெயரிலேயே வெளியாகி, அட்டையின் நிறத்தால் 'கருப்பு ஆல்பம்' என்று அழைக்கப்படும் தொகுப்பு, அக்குழுவை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

அதன் பிறகு குழுவுக்கும் ரசிகர்களுக்கும் இடையே உரசல்கள் தோன்றின. 1996-இல் வெளியான 'லோட்' ஆல்பத்தில் இசையின் போக்கு மாறியதைப் பழைய ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. 2000-ஆம் ஆண்டு, இணையத்தில் பாடல்களைப் பகிர உதவிய நாப்ஸ்டர் நிறுவனத்துக்கு எதிராகக் குழு தொடுத்த வழக்கு, ரசிகர்கள் மீதே தொடுத்த வழக்காகப் பார்க்கப்பட்டது. 2003-இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் கிடார் தனி ஆவர்த்தனங்களே இல்லை. அதில் ஸ்னேர் டிரம் எழுப்பிய உலோகப் பாத்திர ஓசை இன்றுவரை கேலிக்கு உள்ளாகி வருகிறது.

இந்தப் பின்னணியில்தான், 1991 முதல் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்து வந்த பாப் ராக் விடைபெற்று, ரிக் ரூபின் தயாரிப்பாளராகப் பொறுப்பேற்றார். பழைய வேகத்துக்குத் திரும்புவதற்குத் தயங்க வேண்டாம் என்று அவர் குழுவினரை ஊக்கப்படுத்தினார். பேஸ் கிடார் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பங்கேற்ற முதல் ஸ்டுடியோ ஆல்பமும் இதுவே.

விமர்சகர்கள் என்ன கூறினர்?

10 பாடல்கள், சுமார் 75 நிமிடங்கள் கொண்ட 'டெத் மேக்னடிக்', 2008 செப்டம்பர் 12-ஆம் தேதி வெளியானது. கிடார் தனி ஆவர்த்தனங்கள் மீண்டும் இடம்பெற்றன. வேகமும், அடிக்கடி திசை மாறும் நீண்ட பாடல் அமைப்பும் 1980-களை நினைவூட்டின. குழு தனது பழைய வலிமையை மீட்டுவிட்டது என்பதே பெரும்பாலான மதிப்புரைகளின் சாரம். பாடல்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன என்றும், பழைய வெற்றியின் தொடர்ச்சியாக 'தி அன்ஃபர்கிவன்' வரிசையில் மூன்றாவது பாடல் தேவையா என்றும் சிலர் கேட்டனர்.

அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் மூன்று நாள்களில் 4,90,000 பிரதிகள் விற்றன. பில்போர்டு 200 பட்டியலில் ஆல்பம் நேரடியாக முதலிடத்தில் நுழைந்தது. 2009-ஆம் ஆண்டு கிராமி விழாவில் 'மை அபோகலிப்ஸ்' பாடல் சிறந்த மெட்டல் இசைக்கான விருதைப் பெற்றது. ஆல்பத்தின் உறை வடிவமைப்புக்கும் விருது கிடைத்தது. அதே விழாவில் ரிக் ரூபின் ஆண்டின் சிறந்த தயாரிப்பாளராகத் தேர்வு செய்யப்பட்டார்.

ரசிகர்களின் புகார் என்ன?

குறுந்தகட்டை வாங்கிக் கேட்டவர்கள் சில நாள்களிலேயே ஒரு குறையைச் சுட்டிக்காட்டத் தொடங்கினர். டிரம் அடிகள் விழும் இடங்களில் ஒலி நொறுங்குகிறது, பாடகரின் குரலைச் சுற்றிலும் இரைச்சல் படிகிறது, முழு ஆல்பத்தையும் ஒரே அமர்வில் கேட்டால் காது களைத்துவிடுகிறது என்று அவர்கள் எழுதினர்.

இது வெறும் மன உணர்வா அல்லது உண்மையான குறையா என்ற கேள்விக்கு எதிர்பாராத இடத்திலிருந்து விடை கிடைத்தது. அது, 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டு. ஆல்பம் வெளியான அதே காலத்தில், அதன் பாடல்கள் அந்த விளையாட்டில் தரவிறக்கம் செய்து வாசிக்கும் வகையில் வெளியிடப்பட்டன. விளையாடுபவர் தவறாக வாசித்தால் அந்தக் கருவியின் ஒலி மட்டும் நிற்க வேண்டும். எனவே, கிடார், பேஸ், டிரம்ஸ், குரல் ஆகியவற்றைத் தனித்தனி ஒலித்தடங்களாக விளையாட்டு நிறுவனத்துக்கு வழங்க வேண்டியிருந்தது. ஆல்பத்தின் இறுதிக் கட்டத்தில் ஒலியை உயர்த்துவதற்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள் இந்தத் தடங்களில் இல்லை.

இதனால் ஒரே பாடல், ஒரே வாசிப்பு, இரண்டு ஒலி வடிவங்களில் ரசிகர்களின் கைக்கு வந்தது. விளையாட்டில் டிரம் அடிகள் தெளிவாகவும் தனித்தும் ஒலித்தன. ரசிகர்கள் இரண்டின் அலைவடிவப் படங்களையும் அருகருகே வைத்து வெளியிட்டனர். விளையாட்டு வடிவம் மேடும் பள்ளமுமாகக் காட்சியளித்தது. குறுந்தகட்டு வடிவமோ, மேலும் கீழும் சீவப்பட்ட செங்கல்லைப் போல் இருந்தது.

'சத்தப் போர்' என்பது என்ன?

இசைத் துறையில் இந்தப் பிரச்சினைக்கு 'சத்தப் போர்' என்று பெயர். இதைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படையை அறிவது அவசியம். டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்தக் கூரைக்கு மேல் எந்த ஒலியும் செல்ல இயலாது.

டிரம் அடி போன்ற திடீர் ஒலிகள் உயர்ந்து எழும். மற்றவை தாழ்வாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே இசைக்கு உயிரூட்டுகிறது. ஒட்டுமொத்தப் பாடலையும் சத்தமாக்க விரும்பினால், உயர்ந்த ஒலிகளை முதலில் அமுக்கிவிட்டு, பின்னர் எல்லாவற்றையும் சேர்த்துக் கூரை வரை உயர்த்த வேண்டும். அளவோடு செய்தால் இது பயனுள்ள உத்தி. அளவு மீறினால், தாழ்ந்த கூரையுள்ள அறையில் உயரமானவர்களை நிற்கவைப்பது போலாகிவிடும். தலைகள் இடிபடும். ஒலியில் அந்த இடிபாடுதான் 'கிளிப்பிங்'. அலையின் உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிறது; காதில் அது நொறுங்கும் ஓசையாக விழுகிறது.

அதிக வெளிச்சத்தில் எடுத்த புகைப்படத்தில் வெளுத்துப்போன முகத்தைப் பின்னர் எவ்வளவு கருமையாக்கினாலும் கண்ணும் மூக்கும் திரும்பி வருவதில்லை. வெட்டப்பட்ட ஒலியும் அத்தகையதே. கேட்பவர் தனது கருவியில் ஒலியளவைக் குறைத்தாலும் சிதைவு குறையாது.

அப்படியிருக்க ஏன் இதைச் செய்கிறார்கள்? இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்கும்போது, சற்றே சத்தமாக இருப்பதையே மனிதக் காது முதலில் சிறந்ததாக உணர்கிறது. வானொலியிலும் கடையிலும் தங்கள் பாடல் மற்றவற்றைவிடத் தாழ்ந்து ஒலிக்கக் கூடாது என்ற அச்சம் நிறுவனங்களுக்கு இருந்தது. 1990-களில் டிஜிட்டல் கருவிகள் பரவியதும் ஒவ்வொரு ஆல்பமும் முந்தையதைவிடச் சத்தமாகியது. ரிக் ரூபின் தயாரித்து 1999-இல் வெளியான ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 'கலிஃபோர்னிகேஷன்' ஆல்பமும் இதே குற்றச்சாட்டுக்கு உள்ளானது.

ஹெவி மெட்டல் என்றாலே சிதைந்த ஒலிதானே என்று சிலர் கேட்டனர். கிடார் கலைஞர் தனது ஆம்ப்ளிஃபையரில் தேர்ந்தெடுக்கும் சிதைவு வேறு, முழுப் பதிவின் மீதும் விழும் சிதைவு வேறு என்பதே இதற்கான பதில். முதலாவது ஒரு கருவியின் குரல். இரண்டாவது, எல்லாக் கருவிகளின் குரலையும் ஒன்றாக மங்கச் செய்வது. மேலும், ரசிகர்கள் விரும்பிய விளையாட்டு வடிவம் சத்தம் குறைந்தது. சத்தமானதே சிறந்ததாகத் தோன்றும் இயல்பையும் மீறி அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தது கவனிக்கத்தக்கது.

பொறுப்பு யாருடையது?

ஆல்பத்தின் மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் செம்மையாக்கத்தைச் செய்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த அனுபவமிக்க பொறியாளர் டெட் ஜென்சன். இயல்பாகவே ரசிகர்களின் கோபம் முதலில் அவர் மீது திரும்பியது. ரசிகர் ஒருவரின் கடிதத்துக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல் பதில் பின்னர் பொதுவெளிக்கு வந்தது. ஒலிக்கலவை தம்மிடம் வந்து சேரும் முன்பே அதன் உச்சங்கள் முற்றிலும் அமுக்கப்பட்டிருந்தன என்றும், ரசிகர்களின் ஆதங்கத்தைத் தாம் உணர்வதாகவும், இந்தப் பணியில் தமது பெயர் இடம்பெற்றிருப்பது பெருமைக்குரியதல்ல என்றும் அதில் அவர் தெரிவித்திருந்தார். பெரிய குழுவின் ஆல்பத்தைப் பற்றி அதன் பொறியாளரே இவ்வாறு கூறியது சர்ச்சையை மேலும் வலுப்படுத்தியது.

குழுவின் தரப்பு இதை ஏற்கவில்லை. இசை உயிர்ப்போடு பாய்ந்து வர வேண்டும் என்பதே ரூபினின் நோக்கம் என்று விளக்கிய லார்ஸ் உல்ரிச், தமது காரில் கேட்டபோது ஆல்பம் அருமையாக ஒலித்தது என்றார். கேட்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆல்பத்தை வரவேற்கிறார்கள் என்று குழுவின் மேலாளர்களில் ஒருவரான கிளிஃப் பர்ன்ஸ்டீன் கூறினார். விற்பனை எண்ணிக்கையைப் பார்க்கும்போது அக்கூற்றைப் புறந்தள்ளவும் இயலாது. மறு ஒலிக்கலவை செய்த குறுந்தகடு வெளிவரவில்லை.

ரசிகர்கள் காத்திருக்கவில்லை. விளையாட்டிலிருந்து எடுத்த ஒலித்தடங்களைக் கொண்டு தாங்களே ஆல்பத்தைக் கலவை செய்து ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டனர். பாடல் பகிர்வுக்காக வழக்குத் தொடுத்த குழுவின் ரசிகர்கள், விலை கொடுத்து வாங்கிய குறுந்தகட்டை ஒதுக்கிவிட்டுப் பகிரப்பட்ட வடிவத்தைக் கேட்கும் நிலை எட்டே ஆண்டுகளில் உருவானது.

மெட்டாலிகாவின் ஒலிக்கலவை மீது புகார் எழுந்தது இது முதல் முறையும் அல்ல. 1988-இல் வெளியான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில், அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிடார் ஏறக்குறையக் கேட்கவே இல்லை என்பது ரசிகர்களின் நீண்ட கால மனக்குறை. ஆனால், அப்போது ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் இன்னொரு வடிவம் இல்லை. 2008-இல் இருந்தது. சர்ச்சை இத்தனை தூரம் சென்றதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சர்ச்சைக்குப் பின் மாறியது என்ன?

இரண்டே மாதங்களில், 2008 நவம்பரில், மற்றொரு மூத்த குழுவான கன்ஸ் அண்ட் ரோசஸின் 'சைனீஸ் டெமாக்ரசி' வெளியானது. அதன் மாஸ்டரிங் பொறியாளர் பாப் லுட்விக் வெவ்வேறு அளவில் அமுக்கப்பட்ட மூன்று வடிவங்களைக் குழுவிடம் வழங்கினார். ஏற்ற இறக்கம் அதிகமுள்ள வடிவமே தேர்வு செய்யப்பட்டது. அளவு மீறிய சத்தத்துக்கு எதிராக எழுந்த குரல்களும் இதற்கு ஒரு காரணம் என்று லுட்விக் கருதினார்.

பெரிய மாற்றம் தொழில்நுட்பத்தின் வழியே வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் கூட்டமைப்பு 2010-இல் ஒலிபரப்புகளின் சத்தத்தை அளந்து சமப்படுத்தும் 'ஆர் 128' பரிந்துரையை வெளியிட்டது. பின்னர் ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்களும் சத்தமான பாடல்களைத் தாமாகவே குறைத்து ஒலிக்கச் செய்யும் முறையைக் கடைப்பிடிக்கத் தொடங்கின. இத்தளங்களில் 'டெத் மேக்னடிக்' பாடலும் 1980-களின் பாடலும் ஏறத்தாழ ஒரே சத்தத்தில் ஒலிக்கும். சத்தத்துக்காக விட்டுக்கொடுத்த தெளிவு திரும்பி வராது. அதற்கு ஈடாகக் கிடைத்த சத்தமும் இப்போது இல்லை.

2015-ஆம் ஆண்டு ஐட்யூன்ஸ் தளத்துக்காக மீண்டும் செம்மைப்படுத்தப்பட்ட வடிவத்தில் ஏற்ற இறக்கம் முன்பைவிடக் கூடுதலாக இருந்தது. ரசிகர்கள் ஏழு ஆண்டுகளுக்கு முன் கோரியதன் ஒரு பகுதி இவ்வாறு நிறைவேறியது.

இந்தியாவில் மெட்டாலிகா 2011 அக்டோபர் 30-ஆம் தேதி பெங்களூருவில் தனது முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அதற்கு இரு நாள்களுக்கு முன்பு குர்கானில் நடைபெறவிருந்த நிகழ்ச்சி ரத்தானபோது, ஆத்திரமடைந்த ரசிகர்கள் மேடையைச் சேதப்படுத்தியதும் நினைவுகூரத்தக்கது.

வாசகர்கள் இந்த வேறுபாட்டைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை இயக்கி, 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தின் ஒரு பாடலையும் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தின் ஒரு பாடலையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட வேண்டும். நல்ல ஹெட்போன் அவசியம். குரலையும் கிடாரையும் விட்டுவிட்டு, ஸ்னேர் டிரம் அடி எழும் கணத்தை மட்டும் கவனித்தால் போதுமானது.