பச்சையாய்த் தெரிந்தால் நிஜமா?

முழங்கால் வீங்கினால் வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். டாக்டர் மாத்திரை எழுதுவார். ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? விளக்குப் போட்டுப் பார்ப்பார்கள்!

பி.காம். படித்தவன் சொல்கிறேனே என்று பயப்படாதீர்கள். டெபிட், கிரெடிட் அளவுக்குக்கூட இதில் சிக்கல் கிடையாது.

உடம்பில் கிருமி புகுந்தால் வெள்ளை அணுக்கள் சில புரதங்களை வெளியே விடும். அதில் ஒரு ஆசாமி டி.என்.எஃப். கிட்டத்தட்ட ஃபயர் அலாரம். அவர் குரல் கொடுத்தால் அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். கிருமி போனதும் வாயை மூடிக்கொண்டால் நல்லவர். மூடாமல் கத்திக்கொண்டே இருந்தால் மூட்டுவாதம் மாதிரி வியாதிகள்தான்!

கத்துகிற ஆசாமி எந்த அணுவுக்குள் இருக்கிறார்? சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, அவ்வளவு பொடி. அங்கேதான் ஆன்ட்டிபாடி வருகிறது. ஆயிரம் ஃபைலுக்கு நடுவே ஒரே ஃபைலைத் தேடிப் பிடிக்கும் ஹெட்கிளார்க் அது. அதன் முதுகில் ஒளிரும் சாயத்தை ஒட்டி அனுப்பினால், நீல ஒளி பட்டதும் பச்சையாய்ப் பளிச்!

இந்த யோசனை, ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க டாக்டருக்கு 1939-ல் பெர்லின் போயிருந்தபோது உதித்தது. 1941-ல் செய்தே காட்டிவிட்டார். முதலில் ஒட்டிய சாயம் நீலமாக ஒளிர்ந்தது. வம்பு என்னவென்றால், உடம்பின் திசுவே லேசாக நீலத்தில் மினுங்கும். எது சாயம், எது சதை? அப்புறம்தான் பச்சை ஒளி தரும் ஃப்ளோரெசினுக்கு மாறினார்.

இன்று அணுக்களை வரிசையாக லேசர் முன்னால் ஓடவிட்டு, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணுகிறார்கள். டி.என்.எஃப். வெளியே நழுவும் பேர்வழியாச்சே? முதலில் மருந்து போட்டு வாசலை அடைப்பார்கள். பிறகு அணுவின் சவ்வில் ஓட்டை போட்டு ஆன்ட்டிபாடியை உள்ளே அனுப்புவார்கள்.

இனிமேல்தான் விஷயமே. ஆன்ட்டிபாடி தப்பான ஆளைப் பிடித்தாலும் அதே பச்சைதான் எரியும்! 2015-ல் 'நேச்சர்' இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூட்டாகப் புலம்பினார்கள்: உருப்படாத ஆன்ட்டிபாடிகளால் உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 80 கோடி டாலர் வீண் என்று. கணக்குப் படித்த எனக்கே தலை சுற்றியது. பணம் போனால் போகட்டும். டி.என்.எஃப்.பை அடக்கும் மருந்துகள் 1998 முதல் எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்திருக்கின்றன. அடுத்த மருந்தைத் தப்பான பச்சையை நம்பித் தேடினால், காத்திருக்கும் நோயாளியின் வருஷங்கள் அல்லவா போகும்?

மருந்து, நம்ம ஆடிட்தான். அந்தப் புரதத்தின் ஜீனையே நீக்கிய அணுக்களில் அதே ஆன்ட்டிபாடியை விட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் பச்சை எரிந்தால்... வவுச்சர் போலி!

பச்சை மையில் கையெழுத்து இருந்தாலே 'அட்டெஸ்டட்' என்று நம்புகிற ஊர் நம்முடையது. லேபில் அந்தப் பருப்பு வேகாது ஸார்!