கூடாரமும் மூச்சு விட வேண்டும்

டிசம்பர் விடுமுறையில் உங்கள் பள்ளிச் சாரணர் குழு நீலகிரிக்கு முகாம் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடுங்குளிர்! நீங்கள் நால்வர் ஒரு கூடாரத்தில் படுக்கிறீர்கள். குளிருக்குப் பயந்து வாயில் துணியை இழுத்துக் கட்டி, சிறு சந்துகூட இல்லாமல் அடைத்துவிடுகிறீர்கள். காலையில் எழுந்து பார்த்தால் கூடாரத் துணியின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள். போர்வை நனைந்து சில்லிட்டிருக்கிறது. இரவில் மழை பெய்யவில்லை. கூடாரத்தில் ஓட்டையும் இல்லை. அப்படியானால் இந்த நீர் எங்கிருந்து வந்தது?

உங்களிடமிருந்துதான்! மூச்சுக் காற்றின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஒருவர் உடலிலிருந்து மணிக்குச் சுமார் 30 கிராம் நீர் ஆவியாக வெளியேறுகிறது. நான்கு பேர், எட்டு மணி நேரம். பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு லிட்டர் வருகிறதல்லவா? 20° செ. வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தன்னுள் வைத்திருக்க முடியும். அதே காற்று 5° செ. அளவுக்குக் குளிர்ந்தால் சுமார் 7 கிராம் மட்டுமே வைத்திருக்கும். மீதி நீராகப் படிய வேண்டியதுதான். பனிக்கட்டி போட்ட தம்ளரின் வெளிப்புறம் ‘வியர்ப்பதும்’ இதனால்தான்.

ஆகவே குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தவர்களே அதிகமாகக் குளிரில் நடுங்குகிறார்கள். ஏனெனில் நீர், காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த போர்வை பாதிப் போர்வைகூட அன்று.

வெப்பம் ஓடிப்போகும் வழிகள்

தூங்கும் மனிதனின் உடல் சுமார் 75 வாட் அளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. கூடாரம் தானாக வெப்பம் எதையும் உண்டாக்குவதில்லை. நம் உடல் தரும் வெப்பம் விரைவாக ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. அது எவ்வழிகளில் ஓடுகிறது?

தரையைத் தொடும் முதுகிலிருந்து வெப்பக் கடத்தலால் மண்ணுக்குப் போகிறது. அதனால்தான் மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிடக் கீழே ஒன்றை விரிப்பது நல்லது. உலர்ந்த வைக்கோல் பரப்பினால் இன்னும் நல்லது. வீசும் காற்று வெப்பச் சலனத்தால் வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. மேகமற்ற இரவில் தரையும் கூடாரமும் வெப்பக் கதிர்வீசலால் வானத்துக்கு வெப்பத்தை இழக்கின்றன. மேகம் மூடிய இரவு அவ்வளவாகக் குளிராததற்குக் காரணம் இதுவே. ஈர உடைகளிலிருந்து நீர் ஆவியாகும்போதும் உடலின் வெப்பம் செலவாகிறது.

கூடாரம் அடிக்கும் இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. இரவில் அது மலைச்சரிவில் தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நீலகிரியில் உறைபனி முதலில் பள்ளத்தாக்குப் புல்வெளிகளை வெளுக்கச் செய்வதன் இரகசியம் இதுதான். மலைமுகட்டிலோ காற்று பலமாக வீசும். எனவே பள்ளத்துக்குச் சற்று மேலே, காற்றுக்கு மறைவான, ஓரளவு சமமான இடமே ஏற்றது. ஓடைக்கரை அழகாயிருந்தாலும் வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக வரக்கூடும்.

மங்கோலியர் கண்ட வீடு

நமக்கு ஓர் இரவே இந்தப் பாடு! ஜனவரி இரவுகளில் –30° செ.க்கும் கீழே வெப்பநிலை இறங்கும் மங்கோலியாவில், ஆடு, மாடு, குதிரைகளுடன் இடம்பெயரும் மக்கள் ஆண்டு முழுவதும் கூடாரத்திலேயே வாழ்கிறார்கள். அதை அவர்கள் ‘கெர்’ என்கிறார்கள். பிற நாட்டார் ‘யுர்ட்’ என்பர். இதைச் செய்யும் மரபுக் கலையை யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

யுர்ட்டின் சுவர், குறுக்கு நெடுக்காகக் கோத்த மரச்சட்டங்களால் ஆனது. கடை வாசல்களில் உள்ள மடக்கு இரும்புக் கேட்டைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே இது விரியும், சுருங்கும். சுவரை வட்டமாக நிறுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து நடுவிலுள்ள மர வளையத்துக்குக் கழிகளைச் சாய்வாகப் பொருத்துவார்கள். குடைக் கம்பிகளைப் போன்ற தோற்றம். இந்த வளையத்தின் பெயர் ‘தோனோ’. இரண்டு மணி நேரத்துக்குள் வீடு எழுந்துவிடும்.

கூரையின் எடை கழிகளின் வழியாகச் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். சுவர் ஏன் சரிவதில்லை? மயிர்க் கயிற்றாலான பட்டைகளைச் சுவரைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை மரத்துண்டுகள் பிரியாமல் பிடித்து வைக்கிறதல்லவா? அதே தத்துவம்தான்.

ஏன் வட்டம்? உங்கள் கணக்குப் புத்தகமே விடை சொல்லும். 22 மீட்டர் நீளமுள்ள சுவரைச் சதுரமாக நிறுத்தினால் பக்கம் 5.5 மீட்டர், பரப்பு 30.25 சதுர மீட்டர். வட்டமாக நிறுத்தினால் ஆரம் 3.5 மீட்டர், பரப்பு 38.5 சதுர மீட்டர். அதே சுவருக்கு கால் பங்குக்கும் மேல் கூடுதல் இடம்! மூலைகள் இல்லாததால் காற்றும் வழுக்கிச் சென்றுவிடும்.

சுவருக்கும் கூரைக்கும் போர்வை ‘ஃபெல்ட்’ என்னும் நெய்யாத கம்பளி. ஆட்டு மயிரைப் பரப்பி, நீர் தெளித்து, சுருட்டி, குதிரையால் இழுத்து உருட்டுவார்கள். கம்பளி இழையின் மேற்பரப்பில் மீனுக்கு இருப்பதுபோல் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கெட்டியாகிவிடும். இடையிடையே சிறைப்பட்ட காற்றே உண்மையான வெப்பத் தடுப்பு. அசையாத காற்று மிக மோசமான வெப்பக்கடத்தி.

இனி மிக முக்கியமான செய்திக்கு வருவோம். இவ்வளவு பாடுபட்டுக் குளிரைத் தடுத்தவர்கள், கூரையின் நடுவில் தோனோவின் வழியாக ஒரு திறப்பை மட்டும் விட்டிருக்கிறார்கள். வீட்டின் நடுவில் அடுப்பு எரிகிறது. அதன் இரும்புக் குழாய் தோனோவின் வழியே வெளியேறுகிறது. மூச்சின் ஈரமும் அவ்வழியே போகிறது. திறப்பின் மேலுள்ள துணியைக் கயிற்றால் இழுத்து வேண்டிய அளவு மூடலாம். கோடையில் சுவர்க் கம்பளியின் அடிப்பகுதியைத் தூக்கிவிட்டால், குளிர்ந்த காற்று கீழே நுழைந்து வெப்பக் காற்று மேலே வெளியேறும்.

சக்கரத்தின் மேல் ஒரு வீடு

பொழுதுபோக்குக்காக வண்டி வீட்டில் ஊர் சுற்றும் வழக்கத்துக்கு முன்னோடி ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர். 1885ஆம் ஆண்டில் ‘தி வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டைக் கட்டுவித்து அவர் பிரிட்டனில் பயணம் செய்தார். இன்றைய காரவன்களும் அதன் வழிவந்தவையே. இவற்றின் உலோகச் சுவர் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். எனவே சுவரை இரட்டையாக அமைத்து நடுவில் நுரைப் பொருளை வைக்கிறார்கள்.

உள்ளே சமையல் எரிவாயு உண்டு. அதிலுள்ள புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே காரவனின் தரையில் காற்றுத் துளைகள் உண்டு, கூரையிலும் உண்டு. குளிருக்காக இவற்றைத் துணியால் அடைப்பது பெருந்தவறு.

புகையில்லாத எதிரி

கரியோ விறகோ போதிய ஆக்சிஜன் இன்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் நாட்டத்துடன் இதனோடு சேர்ந்துவிடும். பிறகு உடலுக்கு ஆக்சிஜன் கொண்டு செல்வது யார்? முதலில் தலைவலி, மயக்கம், தூக்கம். தூங்குபவருக்கோ எச்சரிக்கையே கிடைப்பதில்லை.

“புகை அடங்கிவிட்டது, தணல்தானே, உள்ளே வைத்தால் என்ன?” என்று சிலர் நினைக்கிறார்கள். புகையில்லாத கரித்தணல் ஏராளமாகக் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். நம் மலையூர்களில் அடைத்த கூடாரத்தில் தணல் வைத்துத் தூங்கி, விழிக்காமலே போனவர்கள் உண்டு. மங்கோலியத் தலைநகர் உலான்பாதரிலும் 2019இல் நிலக்கரிக்குப் பதிலாகக் கரிக்கட்டிகள் வழங்கப்பட்டபோது இந்த நச்சு வாயுவால் உயிர்ச்சேதம் நேர்ந்தது. யுர்ட்டுக்கும் விதிவிலக்கு இல்லை.

ஆகவே மாணவர்களே, அடுப்பும் தணலும் கூடாரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் யாருக்காவது தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே எல்லோரும் திறந்தவெளிக்கு வந்துவிடுங்கள். பாதிக்கப்பட்டவரை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எந்தக் குளிரிலும் மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான மூன்று தம்ளர்களில் ஒரே சூடான வெந்நீரை ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றை உலர்ந்த கம்பளித் துணியாலும், மற்றொன்றை நனைத்துப் பிழிந்த கம்பளித் துணியாலும் சுற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து வரைபடம் வரையுங்கள். ஈரத் துணி சுற்றிய தம்ளர், துணியே சுற்றாத தம்ளரைவிட மெதுவாகக் குளிர்கிறதா, விரைவாகக் குளிர்கிறதா? விடையை நீங்களே கண்டறியுங்கள். அடுத்த முகாமில் கூடாரத்தின் வாயிலைக் கட்டும்போது அந்த வரைபடம் உங்கள் நினைவுக்கு வரும்.