வருசச் சம்பளம் 7,200 டாலர்

மாசம் 600 டாலர், வருசத்துக்கு 7,200. டெக்சாஸ் மாநிலச் சட்டசபை உறுப்பினரோட சம்பளம் இவ்வளவுதான். 1975-க்கு அப்புறம் ஏறவே இல்லை. ஏத்தணும்னா ஜனங்ககிட்ட ஓட்டுக்கு விடணும். தங்களோட பிரதிநிதிக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க எந்த ஊர் ஜனங்க ஓட்டுப் போடுவாங்க? :-) சபை நடக்கிற நாளுக்குத் தினப்படி தனி. மத்தபடி வக்கீல் தொழில், ரியல் எஸ்டேட், பண்ணைன்னு ஆளுக்கொரு பிழைப்பு இருக்கும்.

காகிதத்தில் பார்த்தால் வேலையும் பகுதிநேரம்தான். ஒற்றைப்படை வருசத்து ஜனவரியில் ஆஸ்டினில் கூடி, 140 நாளுக்குள் முடிச்சாகணும். அதுக்குள்ள மாநிலம் முழுக்க இரண்டு வருச பட்ஜெட் போடணும். 2023, 2025 இரண்டு தடவையும் எட்டாயிரத்துக்கும் மேல மசோதாக்கள் வந்தன. கீழ்சபையில் 150 பேர், செனட்டில் 31 பேர். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு மாநில செனட்டர் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான ஆட்களுக்குப் பிரதிநிதி. வாஷிங்டன் போற டெக்சாஸ் எம்.பி.க்குக்கூட ஏழரை லட்சம் சொச்சம்தான்.

சரி, கூட்டத்தொடர் நடக்கும்போது இவங்க வாரம் எப்படிப் போகும்?

திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்து சேரவே நேரம் ஆகிடும். எல் பாசோ உறுப்பினர் காரில் வந்தால் 900 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும். அந்த ஊர்க் கடிகாரமே ஆஸ்டினுக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. செவ்வாய், புதன், வியாழன்தான் அசல் வேலை. டி.வி.யில் காட்டுறது சபைதான், ஆனா மசோதா பிழைக்கிறதும் சாகிறதும் பெரும்பாலும் கமிட்டி அறையில். நிறைய கமிட்டிகள் "சபை ஒத்திவைக்கப்பட்டதும்" கூடும்னுதான் அறிவிப்பே போடுவாங்க. சபை மதியம் முடியுமா சாயங்காலம் முடியுமான்னு யாருக்கும் தெரியாது. சாட்சி சொல்ல வந்தவங்க தலைமைச் செயலகத்தோட நிலத்தடிக் கட்டிடத்தில் மணிக்கணக்கா உட்கார்ந்திருப்பாங்க. பேரைப் பதிஞ்சு, ஆதரவா, எதிர்ப்பா, சும்மா கருத்துச் சொல்லவான்னு குறிச்சுட்டு, யார் வேணும்னாலும் பேசலாம். கிடைக்கிறது இரண்டு மூணு நிமிசம். அதுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வர்ற ஆட்கள் இருக்காங்க. எனக்கு இந்த ஊர் ஜனநாயகத்தில் ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். உறுப்பினர்ல பாதிப் பேர் அந்நேரம் போனை நோண்டிக்கிட்டு இருப்பாங்கங்கிறது வேற விஷயம்.

வெள்ளிக்கிழமை தொகுதி. மே மாசம் நெருங்கினா அதுவும் கிடையாது, சனிக்கிழமையும் சபைதான். கடைசி வாரங்களில் ஒரு மசோதாவைக் கொல்லணும்னா அதை எதிர்த்துப் பேசவே வேண்டாம், அதுக்கு முன்னாடி வரிசையில் நிக்கிற சில்லறை மசோதாக்களைப் பத்தி ஆற அமரப் பேசினாலே போதும். கெடு தாண்டிடும். 2009-ல வாக்காளர் அடையாள அட்டை மசோதாவை ஜனநாயகக் கட்சிக்காரங்க இப்படித்தான் சாகடிச்சாங்க. 2011-ல அது நிறைவேறிடுச்சு.

இதுக்கு நடுவுல வாராவாரம் தொகுதி மக்களுக்குக் கடிதம் எழுதுற உறுப்பினர்கள் உண்டு. நான் படிச்ச வரைக்கும் முதல் இரண்டு பத்தி தேசியப் பிரச்சினைதான்: எல்லை, துப்பாக்கி, வாஷிங்டன்காரன் செய்ற அநியாயம். இதில் பலதுக்கு அவர் செய்யக்கூடியது, அமெரிக்க காங்கிரசைக் கேட்டுக்கொள்ளும் ஒரு தீர்மானம். அதுக்குச் சட்டப் பலம் எதுவும் கிடையாது. அவர் கையில் நிஜமா இருக்கிற சமாச்சாரம் கடிதத்தோட கடைசிப் பத்தியில், "மேலும் இந்த வாரம்..." கீழே வரும்.

தேசிய விஷயத்தில் மாநில உறுப்பினருக்கு நிஜமாவே பிடி இருக்கிற இடம் தொகுதிப் பிரிப்பு. டெக்சாஸோட 38 அமெரிக்க எம்.பி. தொகுதிகளுக்கும் கோடு போடுறது இந்தச் சபை. 2025 ஆகஸ்ட்டில் அதுக்காக ஜனநாயகக் கட்சிக்காரங்க ஐம்பது பேருக்கு மேல மாநிலத்தை விட்டே போனாங்க, நிறைய பேர் இல்லினாய்ஸுக்கு. 150-ல் 100 பேர் இல்லைன்னா சபை நடக்காது. இரண்டு வாரம் தாக்குப்பிடிச்சாங்க. திரும்பி வந்ததும் புது வரைபடம் நிறைவேறிடுச்சு.

நம்ம பசங்களுக்கு இதுல என்னன்னு கேட்டா, பர்ஸ்தான். இங்க அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் படிக்கிற தமிழ்ப் பையன் ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப்புக்கு ஏன் இப்படிப் பறக்குறான்? போட்டியில் ஜெயிச்ச ஸ்காலர்ஷிப் குறைந்தது 1,000 டாலர் இருந்தால், வெளியூர்க்காரனுக்கும் உள்ளூர்க் கட்டணம்னு மாநிலக் கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கு. அரைநேர டி.ஏ., ஆர்.ஏ. வேலைக்கும் அதே மாதிரி இன்னொரு பிரிவு. ஆயிரம் டாலர் பெரிசில்லை, அதுக்குப் பின்னாடி மிச்சமாகிற பல ஆயிரம்தான் பெரிசு. எச்-1பி பத்தி ராத்திரி முழுக்க விவாதம் பண்ற நாம, நம்ம ஃபீஸ் எந்தக் கமிட்டி அறையில் முடிவாகுதுன்னு பார்க்கிறதே இல்லை. 2003-ல பட்ஜெட்டில் பத்து பில்லியன் டாலர் அளவுக்குத் துண்டு விழுந்தப்போ, கட்டணத்தை நிர்ணயிக்கிற அதிகாரத்தைப் பல்கலைக்கழக நிர்வாகக் குழுக்களுக்கே விட்டுட்டாங்க. அப்புறம் ஃபீஸ் எந்தப் பக்கம் போயிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

2001-ல இதே சபை இன்னொரு சட்டம் போட்டுச்சு. டெக்சாஸில் மூணு வருசம் இருந்து இங்கயே ஹைஸ்கூல் முடிச்ச பிள்ளைங்களுக்கு, குடியேற்ற ஆவணம் இல்லைன்னாலும் உள்ளூர்க் கட்டணம். நாட்டிலேயே முதல் சட்டம். இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேத்தினாங்க, ரிக் பெர்ரி கையெழுத்துப் போட்டார். பத்து வருசம் கழிச்சு அவர் ஜனாதிபதி பதவிக்கு நின்னப்போ சொந்தக் கட்சிக்காரங்களே அதை வெச்சு அவரை வறுத்தெடுத்தாங்க. மாநில ஃபீஸ் விஷயம் தேசிய விஷயமா மாறின கதை அது. சட்டத்தை நீக்கணும்னு திரும்பத் திரும்ப மசோதா வந்தது, எதுவும் நிறைவேறலை.

2025-லயும் அப்படித்தான். ஜூன் 2-ம் தேதி கூட்டத்தொடர் முடிஞ்சது, சட்டம் பிழைச்சது. ஜூன் 4-ம் தேதி மத்திய நீதித்துறை அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டது. மாநில அட்டர்னி ஜெனரல் எதிர்த்து வாதாடவே இல்லை, அன்னைக்கே சம்மதம். அன்னைக்கே நீதிபதி உத்தரவு. 24 வருசச் சட்டம் ஒரே நாளில் போயிடுச்சு, சபையில் ஒரு ஓட்டுக்கூட விழாமல். மூணு நிமிசம் பேச ராத்திரி வரைக்கும் காத்துக்கிடக்க அங்க ஒரு கமிட்டி அறையும் இல்லை.