பொதுச் சூளை

பானை செய்வது குயவர் வேலை, படம் எழுதுவது ஓவியர் வேலை, நம் வேலை படிப்பது மட்டுமே என்று நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணத்தை மாற்றுவதற்கென்றே சில இடங்கள் உண்டு. அவற்றைப் பொதுக் கலைக்கூடங்கள் என்பார்கள். வயது, படிப்பு, குலம், திறமை எதையும் கேளாமல், முதன்முறையாக வரும் எவருக்கும் ஒரு கைவேலையை அடிப்படையிலிருந்து சொல்லித் தருவதே இவற்றின் பணி. பத்தாம் வகுப்பு மாணவியரான நாங்கள் எட்டுப் பேர் பத்துச் சனிக்கிழமைகள் இத்தகைய கூடம் ஒன்றின் மண்பாண்ட வகுப்புக்குச் சென்று வந்தோம். அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள், அதை ஏன் அப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்பதை நம் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊராருக்கென்று கலை வகுப்பு நடத்தும் வழக்கம் புதிதன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்மணிகள் ‘ஹல் ஹவுஸ்’ என்னும் இல்லத்தைத் தொடங்கினர். பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்கள் அதைச் சுற்றி வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அங்கே ஓவியமும் கைவேலையும் கற்றுத் தரப்பட்டன. 1900ஆம் ஆண்டில் அங்கு ஒரு தொழில் அருங்காட்சியகம் ஏற்பட்டது. அதில் வயது முதிர்ந்த தாய்மார்கள் தங்கள் நாட்டு முறையில் நூல் நூற்றும் நெய்தும் காட்டினார்கள். ஆங்கிலம் பேசத் தெரியாத தாயை எண்ணிக் கூச்சப்பட்ட பெண்பிள்ளைகள், அதே தாயின் விரல்களைப் பலரும் வியந்து பார்ப்பதைக் கண்டு மனம் மாறினார்கள். ஜேன் ஆடம்ஸ் அம்மையாருக்கு 1931ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு அருகில் புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டு ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் ‘கோல்டன் பிரிட்ஜ்’ என்ற மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினர். அவர்களிடம் பயின்ற பலர் பின்னர் தாங்களே கூடம் அமைத்து மற்றவர்க்குக் கற்றுத் தந்தார்கள். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றுவது போன்றதுதான் இது.

இனி வகுப்புக்குள் செல்வோம்.

முதல் நாள் எவர் கையிலும் சக்கரத்தைக் கொடுப்பதில்லை. நகத்தை வெட்டிக்கொள்ள வேண்டும், வளையலைக் கழற்றி வைக்க வேண்டும், பழைய துண்டு ஒன்று கொண்டுவர வேண்டும். பிறகு மண் பிசைதல். சப்பாத்தி மாவு பிசைவது போலத்தானே என்று தோன்றும். ஆனால் மாவில் காற்று இருந்தால் கேடில்லை. மண்ணுக்கு அதே காற்று பகை. ஆகவே மண்ணை முன்னே தள்ளி, மடித்து, மீண்டும் தள்ளிப் பிசைந்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். மெல்லிய கம்பியால் உருண்டையை இரண்டாக அறுத்துப் பார்த்தால் ஊசித்துளை அளவு ஓட்டையும் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடியும் பிசைய வேண்டியதுதான்.

அடுத்து, சக்கரம் இல்லாமல் பாண்டம் செய்யும் மூன்று முறைகள்.

முதலாவது, கிள்ளிச் செய்தல். ஆரஞ்சுப் பழ அளவு உருண்டையில் கட்டைவிரலை அமிழ்த்தி, அடியில் ஒரு விரல் கனம் விட்டுவிட்டு, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே வந்தால் சிறு கிண்ணம் பிறக்கும். இரண்டாவது, திரி அடுக்குதல். மண்ணைக் கயிறுபோல் உருட்டி, முறுக்குச் சுற்றுவது போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரலால் இழைத்துச் சேர்ப்பது. மூன்றாவது, தகடு முறை. மண்ணை இரு பக்கமும் ஒரே கனமுள்ள இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் தேய்த்தால், எங்கும் ஒரே கனமுள்ள தகடு கிடைக்கும். அதை வெட்டித் தட்டாகவும் பெட்டியாகவும் செய்யலாம்.

இவை குழந்தை விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். மணிப்பூர் மாநிலத்தில் ஆந்த்ரோ என்னும் ஊரில் பெண்கள் சக்கரமே இல்லாமல் கையாலேயே பானை செய்வது வழிவழி வந்த வழக்கம். நம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஐயனார் கோயில்களுக்குச் செய்யப்படும் ஆளுயர மண்குதிரைகளையும் பகுதி பகுதியாகக் கையால்தான் எழுப்புகிறார்கள். அந்தக் குதிரையைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் உள்ளே வெற்றிடம். மண் கனமாக இருந்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். அது வெடிப்புக்கு வழி. எனவே எவ்வளவு பெரிய உருவமானாலும் சுவர் ஓரளவு மெல்லியதாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மண்ணோடு மணலும் உமியும் கலப்பதும் வெடிப்பைத் தடுக்கவே. பள்ளிக்கூடம் அறியாத பெரியவர்கள் கண்டறிந்த விஞ்ஞானம் அன்றோ இது!

ஒட்டுவதிலும் ஒரு நியதி உண்டு. கோப்பைக்குக் காது வைக்க வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் பழைய சீப்பால் கீறி, மண்குழம்பைத் தடவி, அழுத்திச் சேர்க்க வேண்டும். அப்போது கோப்பையும் காதும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். களிமண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். பத்துச் சென்டிமீட்டர் அகலத்தில் செய்த தட்டு சூளையிலிருந்து வரும்போது ஏறக்குறைய ஒன்பதாகி நிற்கும். ஈரமான காது அதிகம் சுருங்கி, முன்பே காய்ந்த கோப்பை குறைவாகச் சுருங்கினால், இரண்டும் பிரிந்துவிடும்.

சக்கரம் கடைசியில்தான் வருகிறது. சுழலும் சக்கரத்தின் நட்ட நடுவே மண்ணை நிறுத்துவதுதான் அதன் முதல் பாடம். கை வலிமையால் அது நிற்பதில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்பை அசையாமல் வைத்துக்கொண்டால் மண் தானே நடுவுக்கு வருகிறது.

இனி உலர்த்தல். பங்குனி, சித்திரை வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வாய் கோணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாளானாலும் ஈரம் போகாது. ஆகவே நிழலில், மேலே துணியோ பிளாஸ்டிக் தாளோ போர்த்தி, மெல்ல மெல்லக் காய விடுகிறார்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் போதும். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனை ஏன் அவ்வளவு முக்கியம்? இங்கேதான் எங்கள் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

ஒரு மின்சூளையைப் பாதி நிரப்பிச் சுட்டாலும் முழுதும் நிரப்பிச் சுட்டாலும் செலவு பெரிதாகக் குறைவதில்லை. புதிதாகக் கற்பவர் ஒருவர் தமக்கென்று சூளை வாங்குவதும் எளிதன்று. ஆகவே எல்லாருடைய பாண்டங்களும் சேரும்வரை காத்திருந்து ஒன்றாகச் சுடுகிறார்கள். எங்கள் வகுப்பில் எங்களோடு ஓய்வு பெற்ற தாத்தா ஒருவரும், தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரும், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனும் இருந்தார்கள். தாத்தாவின் குவளைக்குப் பக்கத்தில் சிறுவனின் யானை, அதற்குப் பக்கத்தில் அக்காவின் விளக்கு. சூளைக்குள் பெரியவர், சிறியவர் என்ற பேதம் இல்லை.

நீர் கொதித்து ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஈரம் போகாத ஒரு பாண்டம் சூளைக்குள் சென்று வெப்பம் விரைவாக ஏறினால், அந்த ஆவி வெளியேற வழியின்றிப் பாண்டத்தை வெடிக்கச் செய்யும். அது தான் மட்டும் உடைவதில்லை. சிதறும் துண்டுகள் அண்டையில் இருக்கும் பாண்டங்களையும் உடைத்துவிடும். ஒருவருடைய அவசரம் இன்னொருவருடைய பத்து நாள் உழைப்பை அழித்துவிடும். “இன்னைக்கே சூளையில வைங்க அக்கா, நாளைக்கு அம்மா பிறந்தநாள்” என்று எங்களில் ஒருத்தி கேட்டபோது, கற்றுத் தரும் அம்மையார் கோபிக்கவில்லை. அவளுடைய குவளையை அவள் கன்னத்திலேயே வைத்துக் காட்டி, “உள்ள உன்னுது ஒண்ணு மட்டுமா இருக்கப் போகுது, கண்ணு?” என்று மட்டும் கேட்டார். குவளை அடுத்த வாரச் சூளைக்குக் காத்திருந்தது.

சுடும்போது முதல் சில மணி நேரம் வெப்பத்தை மிக மெதுவாகவே ஏற்றுகிறார்கள். 100 டிகிரி செல்சியசைத் தாண்டிய பின் எஞ்சிய ஈரம் போய்விடும். ஏறக்குறைய 500 டிகிரிக்கு மேல், மண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடும். அதன்பின் அதை எத்தனை நாள் நீரில் ஊற வைத்தாலும் மீண்டும் சேறாகாது. முதற்சூட்டை 900 முதல் 1,000 டிகிரி அளவில் நிறுத்துகிறார்கள். ஆறுவதற்கும் பொறுமை வேண்டும். சூட்டோடு கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு விரிசல் விழும்.

பளபளப்புப் பூச்சு பூசி இரண்டாம் முறை சுடும்போது இன்னொரு விதி சேர்கிறது. அந்தப் பூச்சு உருகிக் கண்ணாடியாகிறது. இரண்டு பாண்டங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடியில் பூச்சைத் துடைக்காவிட்டால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே தன் பாண்டத்தின் அடியைத் துடைப்பதும், அடுத்ததற்கு இடைவெளி விடுவதும் அங்கே நல்லொழுக்கம்.

இந்தப் பொதுச் சூளைக்குள் யாருக்கு இடம் உண்டு என்பதும் சிந்திக்கத் தக்கது. நம் நாட்டின் பல ஊர்களில் குயவர் குடும்பப் பெண்கள் மண் சலிப்பார்கள், மிதிப்பார்கள், பிசைவார்கள், வண்ணம் தீட்டுவார்கள். சக்கரம் மட்டும் ஆண்களுக்கே உரியது என்று வழக்கம் வைத்திருந்தது. பிற குலத்தாருக்கோ மண்ணைத் தொடுவதே தாழ்வாகத் தோன்றியது. பாதி வேலையைச் செய்தவளுக்குச் சக்கரம் இல்லை. சக்கரத்தைத் தொடத் தடையில்லாதவருக்கு அதில் மதிப்பில்லை. பொதுக் கலைக்கூடத்தில் இந்த இரண்டு கதவுகளும் திறந்திருக்கின்றன. அங்கே சக்கரத்தின் முன் வரிசையாக அமர்ந்த எட்டுப் பெண்களை எவரும் விந்தையாகப் பார்க்கவில்லை.

“பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் மண்ணோடு என்ன வேலை?” என்று எங்கள் வீடுகளிலும் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. பெற்றோருக்கு நம் மதிப்பெண்களைப் பற்றிய கவலை இருக்கத்தான் செய்யும். எங்கள் பதில் இதுதான்: வாரத்தில் மூன்று மணி நேரம்தான் சென்றோம். நீராவியின் விரிவையும் பொருள்கள் சுருங்குவதையும் புத்தகத்தில் படிப்பதற்கு முன் கையால் தொட்டு அறிந்தோம். அதைவிடப் பெரிதாக ஒன்றும் உண்டு. தேர்வில் நாம் அவசரப்பட்டால் நம் மதிப்பெண் மட்டுமே குறையும். சூளையில் அவசரப்பட்டால் பக்கத்திலிருப்பவருடையதும் உடையும். நம் பொறுமை பிறருடைய சொத்தையும் காக்கிறது என்பதை எங்களுக்கு வேறெந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பத்து வாரத்தில் எவரும் கலைஞராகிவிடுவதில்லை. ஆனால் சந்தையில் இருபது ரூபாய் அகலுக்குப் பேரம் பேச இப்போது எங்களுக்கு வாய் வருவதில்லை. அதற்குள் எத்தனை நாள் காத்திருப்பு அடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

கடைசியாக ஒரு செய்தி. சுடுவதற்கு முன் ஒவ்வொருவரும் பாண்டத்தின் அடியில் தம் பெயரைக் கீறுவது கூடத்தின் வழக்கம். எவருடையது எது என்று அறிவதற்காக மட்டுமே அப்படிச் செய்கிறார்கள். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளிலும் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்தப் பெயர்களை நாம் படிக்கிறோம். தோழியரே, உங்கள் ஊரில் இத்தகைய கூடம் இருந்தால் ஒருமுறை சென்று பாருங்கள். பிசையுங்கள், காத்திருங்கள், பெயரைக் கீறுங்கள். ஆனால் சூளையில் வைக்குமுன் கன்னத்தில் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள். பக்கத்தில் வேறொருத்தியின் கிண்ணமும் இருக்கும்.