இருளுக்குள் ஒரு மறைவிளக்கு

நுழையும்முன்

இரவில் உலவும் விலங்குகளை அறிய வேண்டுமெனில் இருளுக்குள் பார்க்க வேண்டும். ஆனால், விளக்கை ஏற்றியவுடன் காட்டின் இயல்பு கலைந்துவிடுகிறது. இச்சிக்கலுக்கு அறிவியல் தந்த விடை, மனிதக் கண்ணுக்குப் புலனாகாத ஒளி. அவ்வொளியைத் தேர்ந்து கையாளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

காணா ஒளியின் வரலாறு

1800ஆம் ஆண்டில் வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி ஒவ்வொரு நிறத்தின் வெப்பத்தையும் அளந்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், ஒளியே தென்படாத இடத்தில் வைத்த வெப்பமானி அதிக வெப்பத்தைக் காட்டியது. அகச்சிவப்புக் கதிர் இவ்வாறு அறியப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் இக்கதிர் போர்க்களம் புகுந்தது. 1945இல் ஒகினாவா தீவில் அமெரிக்க வீரர்கள், அகச்சிவப்பு விளக்கும் அதனைக் காணும் கருவியும் பொருத்திய துப்பாக்கிகளைப் பயன்படுத்தினர். இம்முறையில் ஒரு குறை இருந்தது. எதிரியிடமும் அத்தகைய கருவி இருந்தால், விளக்கை ஏந்தியவரின் இருப்பிடமே வெளிப்பட்டுவிடும். ஆகவே, விண்மீன் ஒளியையே பெருக்கிக் காட்டும் கருவிகள் பின்னர் உருவாக்கப்பட்டன. எனினும், முகில் சூழ்ந்த இரவிலும் அடர்ந்த மரநிழலிலும் பெருக்குவதற்குப் போதிய ஒளி கிடைப்பதில்லை. அங்கே அகச்சிவப்பு ஒளியூட்டி இன்றும் தேவைப்படுகிறது.

முதலில் கருவியை அறிதல்

ஒளியூட்டியைத் தெரிவு செய்யுமுன், அதன் ஒளியை ஏற்கும் கருவி எவ்வகையைச் சார்ந்தது என அறிய வேண்டும். இரவுப்பார்வைக் கருவிகள் மூவகைப்படும். முதல்வகை, சிறிதளவு ஒளியை மின்னணுக்களாக மாற்றிப் பெருக்கும் குழல் கொண்டது. இரண்டாம் வகை, சிலிக்கான் உணரி கொண்ட எண்ணிமக் கருவி. மூன்றாம் வகை, பொருள்கள் தாமே வெளியிடும் வெப்பக் கதிரைக் கொண்டு உருவம் காட்டுவது. இம்மூன்றாம் வகைக்கு ஒளியூட்டி தேவையில்லை, பொருத்தினாலும் பயனில்லை.

அலைநீளத் தெரிவு

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களையே காண்கிறது. ஒளியூட்டிகள் பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர் அளவில் அமைகின்றன. 850 நானோமீட்டர் ஒளியை உணரிகள் நன்கு ஏற்பதால் நெடுந்தொலைவு காணலாம். ஆனால், விளக்கின் முகப்பு மங்கிய செந்நிறத்தில் ஒளிர்வது தெரியும். 940 நானோமீட்டர் ஒளியில் அச்செம்மை தோன்றுவதில்லை. எனினும், சிலிக்கான் உணரி அதனைக் குறைவாகவே ஏற்பதால் காணும் தொலைவு சுருங்கும். மூன்றாம் தலைமுறைப் பெருக்கிக் குழல்களோ ஏறத்தாழ 900 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை உணர்வதில்லை. அவற்றுடன் 940 நானோமீட்டர் விளக்கை இணைப்பது வீண்செலவாகும். மறைவு மிகுந்தால் தொலைவு குறையும். தொலைவு மிகுந்தால் மறைவு குறையும். எது இன்றியமையாதது என்பதைப் பணியின் நோக்கமே முடிவு செய்யும்.

கற்றையின் விரிவு

விளக்கின் திறனைவிடக் கற்றையின் கோணமே பல வேளைகளில் பயனை உறுதி செய்கிறது. 10 பாகைக் கோணமுடைய கற்றை, 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17 மீட்டர் அகலத்திற்குப் பரவும். 60 பாகைக் கற்றையோ 115 மீட்டர் அகலத்திற்கு விரியும். அதே ஒளி நாற்பது மடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் சிதறிப்போகும். அருகிலுள்ள நீர்நிலையைக் கண்காணிக்க அகன்ற கற்றையும், தொலைவிலுள்ள பாறையை நோக்கக் குறுகிய கற்றையும் ஏற்றவை. தொலைவு இருமடங்கானால் பொருளின்மீது விழும் ஒளியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். எனவே, இருமடங்கு தொலைவை அதே தெளிவுடன் காண நான்கு மடங்கு திறன் வேண்டும்.

பயன்படுத்தும் நெறி

மூடுபனியிலும் தூசியிலும் ஒளி சிதறித் திரும்புவதால் காட்சி வெண்திரையாக மாறும். அவ்வேளையில் திறனைக் கூட்டினால் திரை மேலும் தடிக்கும். திறனைக் குறைத்து, விளக்கை வில்லையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தல் நன்று. விளக்கின் முன் நீண்டிருக்கும் ஒற்றை இலையும் ஒளியை எதிரொளித்துக் கருவியைக் கூசச் செய்யும், பின்னிருப்பவை இருண்டுபோகும். ஆகவே, முன்புறத்தை முதலில் சீர்செய்ய வேண்டும்.

காப்பு நெறி அதனினும் இன்றியமையாதது. பேரொளி படும்போது நாம் கண்ணைச் சிமிட்டிக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒளி அவ்வெச்சரிக்கையைத் தருவதில்லை. ஆனால் விழித்திரை வரை சென்று அதனைச் சுடக்கூடும். ஆதலின், எரியும் ஒளியூட்டியை அருகிலிருந்து உற்றுநோக்குதலும், லேசர் வகையைப் பிறர் முகத்தை நோக்கித் திருப்புதலும் கூடா.

நமக்கு மறைந்திருக்கும் ஒளி எல்லா உயிர்களுக்கும் மறைந்திருக்கும் எனக் கருதுதலும் தவறு. சில விலங்குகள் விளக்கின் மெல்லிய ஒளிர்வையும் கருவியின் ஓசையையும் கவனிக்கின்றன. தேவைக்கு மிகாத திறனும் தேவைக்கு மிகாத நேரமும் கொண்டு பார்ப்பவரே, காட்டின் இயல்பான இரவைக் காண்பர்.

தெரிந்து தெளிவோம்

2018-19ஆம் ஆண்டு நடைபெற்ற அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கி ஒளிப்படக் கருவிகள் பொருத்தப்பட்டன. அவை எடுத்த 3.48 கோடிக்கும் மேற்பட்ட படங்களுள் 76,651 புலிப் படங்கள். உடல்வரிகளைக் கொண்டே ஒரு புலியை மற்றொன்றினின்று பிரித்தறிகின்றனர். அகச்சிவப்பு ஒளியில், நகரும் விலங்கின் வரிகள் மங்கலாகப் பதியக்கூடும் என்பதால், இத்தகைய பணிக்கு வெண்ணிற மின்னொளிக் கருவிகளும் பயன்படுகின்றன.

கற்பவை கற்றபின்

தொலைக்காட்சியின் தொலை இயக்கியை இருண்ட அறையில் அழுத்தி, அதன் முனையைக் கைப்பேசியின் முன்புற ஒளிப்படக்கருவி வழியே நோக்குக. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் தெரிகிறதா? காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.